உப்பளத்து ஆச்சியின் வாழ்க்கையைக் கேட்டு எழுதுதல்

தூத்துக்குடி மாவட்டத்தின் ஆறுமுகநேரி, காயல்பட்டினம், புன்னைக்காயல் வட்டாரத்தில் எழுபது வயதைக் கடந்த ஆச்சிமார் பலர் இளமையை உப்பளத்தில் கழித்தவர்கள். ஊர் வரலாறு எழுதப்படும்போது ஆறுமுகநேரியில் பிறந்த விடுதலைப் போராட்ட வீரர் கே. டி. கோசல்ராமின் பெயர் வரும். 1950களின் இறுதியில் சாகுபுரத்தில் எழுந்த ரசாயன ஆலை வரும். உப்புப் பெட்டி சுமந்த பெண்ணின் பெயர் பெரும்பாலும் வராது. பேரப்பிள்ளைகள் கேட்டு எழுதிவைத்தால்தான் அவள் கதை மிஞ்சும். அதைக் கேட்க உட்காருவதற்கு முன், அவள் செய்த வேலை என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். வேலை தெரியாதவரிடம் ஆச்சி, “எல்லாம் கஷ்டந்தான்” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாள்.

மழை ஓய்ந்து தை பிறந்ததும் அள வேலை தொடங்கும். தேங்கிய மழைநீரை இறைத்து, சேற்றை வழித்து, வரப்பு கட்டி, பாத்தியை மிதித்து இறுக்குவார்கள். பாத்தி மிதிப்பது கால்களுக்கு வந்த முதல் சோதனை. கடல்நீரோ நிலத்தடி உவர்நீரோ தெப்பம் எனப்படும் தேக்கங்களில் வெயிலில் வற்றி, உப்புநீரின் செறிவைக் காட்டும் போமே அளவில் 25 டிகிரிக்கு ஏறும்போது உப்பு படியத் தொடங்கும். 29 டிகிரியைத் தாண்டினால் மக்னீசியக் கசப்பு சேரும் என்பதால் அந்த நீரை வெளியேற்றிவிட வேண்டும். செறிவை அளக்கும் கருவியைக் கையில் எடுக்காமலே, நீரின் நிறத்தையும் விரலில் ஒட்டும் பிசுபிசுப்பையும் வைத்துப் பதம் சொல்லக்கூடிய பெண்கள் உண்டு. இந்தத் தேர்ச்சிக்குத் தனிக் கூலி கிடையாது. ஆச்சி சொல்லக்கூடியவற்றில் மிக அருமையானது இந்த அறிவுதான். பலர் இதைக் கேட்பதே இல்லை.

வழக்கமாக வாருபலகையால் உப்பை வாரி ஒதுக்குவது ஆண்கள் வேலை. அதைப் பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்து, உப்பைச் சேர்த்துவைக்கும் தட்டுமேட்டில் கொட்டி அம்பாரமாகக் குவிப்பது பெண்கள் வேலை. சுமை பெண் தலையிலும் கூடுதல் கூலி ஆண் கையிலுமாக நெடுங்காலம் இருந்தது அநியாயம். சமவேலைக்குச் சமஊதியச் சட்டம் 1976இல் வந்த பிறகும், வேலையின் பெயரைப் பிரித்துக் காட்டி இந்த வேறுபாடு தொடர்ந்தது. வெயிலுக்கு முந்திக்கொள்ள விடிவதற்கு வெகுமுன்பே வாரத் தொடங்குவார்கள். ஆகவே ஆச்சி அதற்கும் முன்னால் எழுந்து சோறாக்கி, தூக்குவாளியில் கஞ்சி எடுத்துக்கொண்டு நடந்திருப்பாள்.

உடம்பு கொடுத்த விலையைத் தனியாகக் கேட்க வேண்டும். வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்கும். உவர்நீரில் நின்று பாதம் வெடிக்கும். வெடிப்பில் உப்பு ஏறினால் இரவில் தூக்கம் இராது. ஒதுங்க இடமில்லாத அளங்களில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள்; சிறுநீர்த் தொற்று அப்படித்தான் வந்து சேர்ந்தது. ஆண்கள் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது இதை ஆச்சி வாய் திறந்து சொல்லமாட்டாள். மகளோ பேத்தியோ தனியே கேட்பது நல்லது.

அவள் மன உறுதியை அளந்து பார்க்க ஐப்பசி முதல் மார்கழி வரையான மாதங்களைக் கேட்க வேண்டும். அப்போது அளத்தில் வேலை இல்லை, கூலியும் இல்லை. முன்பணம் வாங்கினால் அடுத்த பருவ உழைப்பு அதிலேயே கழிந்துவிடும். அதைத் தவிர்க்க ஓலைப்பெட்டி முடைந்தவர்கள், கருவேல விறகு வெட்டியவர்கள், பித்தளைப் பானையை அடகுவைத்துப் பருவம் பிறந்ததும் மீட்டவர்கள் உண்டு. எதை விற்றாள், எதை விற்க மறுத்தாள், எந்தப் பிள்ளையின் படிப்பை நிறுத்தவில்லை என்ற கணக்குகளில் அந்த வைராக்கியம் தெரியும். “ஆச்சி தைரியசாலி” என்று எழுதுவதைவிட இந்தக் கணக்கை எழுதுவது அவளுக்குச் செய்யும் மரியாதை. மழைக்கால நிவாரணமாகத் தமிழக அரசு 5,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது 2022இல்தான். அந்தத் தலைமுறையின் உழைக்கும் வயது அதற்குள் கடந்துவிட்டது.

எந்த ஆண்டு என்று கேட்டால் விடை வராது. 1964 டிசம்பர் புயலுக்கு முந்தியா பிந்தியா, 1992 நவம்பர் வெள்ளத்தின்போது யார் கைக்குழந்தை என்று கேட்டால் காலம் தானே பிடிபடும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மழையைப் பற்றிப் பேச்சைத் தொடங்கினாலே பழைய வெள்ளங்கள் ஒவ்வொன்றாக வெளிவரும்.

கேள்வி சின்னதாக, கைக்கும் கண்ணுக்கும் எட்டுவதாக இருக்கட்டும். “ஆச்சி, பெட்டிய தலையில யாரு தூக்கிவிடுவா?” என்றால் பேச்சுக்கு முன் கை எழும். இல்லாத பழஞ்சேலையைச் சுருட்டிச் சும்மாடு கட்டிக் காட்டும். உச்சியில் முடி தேய்ந்த இடத்தைத் தொடும். பெட்டி தூக்கிவிட்ட தோழியின் பெயர் அப்போது வரும். அவள் எந்தத் தெரு, எப்படிச் செத்தாள் என்பதும் வரும். கைபேசியில் குரலைப் பதிவதோடு இந்தக் கையசைவையும் படமெடுக்க வேண்டும்.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கேட்பது கூடாது. இழந்த பிள்ளை, குடித்த கணவன், கடன்காரன் பேசிய பேச்சு ஆகியவற்றில் ஆச்சி நிறுத்தினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். எழுதியதைப் படித்துக்காட்டி, ஊரார் அறியக் கூடாது என்று அவள் சொல்வதை நீக்கிவிட வேண்டும். பாத்தி, தெப்பம், தட்டுமேடு, அம்பாரம் என்று அவள் வாயில் வந்த சொற்களை அப்படியே விட்டுவைக்க வேண்டும். நடக்க முடிந்த ஆச்சியானால், வெயில் ஏறுமுன் ஒருமுறை பழைய அளத்துக்கு அழைத்துப் போகலாம். வீட்டுத் திண்ணையில் நினைவுக்கு வராத வேலைப் பெயர்கள் வரப்பில் நிற்கும்போது வந்துவிடுகின்றன.