குடைந்து கண்ட கோயில்

நுழையும்முன்

கல்லின்மேல் கல் அடுக்கிக் கட்டிய கோயில்களை நாம் நிறையக் கண்டிருக்கிறோம். மலையிலிருந்து வேண்டாத கல்லை நீக்கிக் கண்டெடுத்த கோயில்களும் தமிழகத்தில் உண்டு. அவற்றுள் ஒன்று, பார்ப்பவருக்குத் தரும் படிப்பினைகளைப் பேசுகிறது இப்பாடம்.

மலையே ஊரின் அடையாளம்

சமவெளியில் பயணம் செய்வோர்க்கு நாமக்கல் தொலைவிலிருந்தே தெரியத் தொடங்கிவிடும். ஏறத்தாழ 65 மீட்டர் உயரமுள்ள ஒற்றைப் பாறையும் அதன் உச்சியில் அமைந்த கோட்டையும் ஊரின் நடுவே ஓங்கி நிற்கின்றன. அப்பாறையின் மேற்குப் பக்கத்தில் நரசிம்மருக்கும் கிழக்குப் பக்கத்தில் அரங்கநாதருக்கும் குடைவரைகள் உள்ளன. இவை கி.பி. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது அறிஞர் கருத்து. அதியர் மரபில் வந்த குணசீலனின் பெயரையும், 'அதியேந்திர விஷ்ணுகிருகம்' என்னும் கோயிற்பெயரையும் கல்வெட்டால் அறிகிறோம். சங்ககாலத்தில் ஔவையைப் போற்றிய அதியமானின் குடிப்பெயர், நூற்றாண்டுகள் கடந்தும் இப்பாறையில் நிலைத்திருப்பது வியப்பளிக்கிறது.

கூரை முதலில், தரை இறுதியில்

நரசிம்மர் குடைவரையின் முன் நின்றபோது, சிற்பங்களைவிட அவற்றைச் சூழ்ந்திருந்த வெற்றிடமே என்னை முதலில் ஈர்த்தது. நாம் நடந்து செல்லும் அவ்விடம் முழுவதும் ஒரு காலத்தில் இறுகிய பாறையாக இருந்தது. கட்டடக் கோயிலில் கடைக்கால் முதலில் அமையும்; கூரை இறுதியில் வரும். குடைவரையில் இம்முறை தலைகீழாகும். மேலிருந்து குடைந்து இறங்குவதால் கூரை முதலில் உருப்பெறும். தரை இறுதியில் வெளிப்படும். பாறையைச் சதுரங்களாகப் பகுத்து, அவற்றின் இடையே ஆழமான பள்ளங்கள் வெட்டி, பின்னர் ஒவ்வொரு சதுரத்தையும் உடைத்தெடுப்பர். மாமல்லபுரத்தில் முற்றுப்பெறாத குடைவரைகள் இச்செய்முறையை இன்றும் காட்டுகின்றன.

தூண் நிற்குமிடத்தை உளி படுமுன்னரே முடிவு செய்தாக வேண்டும். தவறி உடைந்த தூணுக்கு மாற்றுத் தூண் கிடையாது. மாவலியிடம் மண் கேட்ட வாமனனும், உலகளக்கக் கால் தூக்கிய திரிவிக்கிரமனும் இங்கே ஒரே கற்பரப்பில் காட்சி தருகின்றனர். தூக்கிய அக்காலைச் சுற்றியிருந்த கல்லை நீக்கியவர், காலின் வடிவத்தை அதற்கு முன்பே மனத்தில் முழுமையாகக் கண்டிருத்தல் வேண்டும். மீட்க இயலாத செயலைத் தொடங்குமுன் அதன் முடிவைக் காணும் தெளிவு வேண்டும் என்பதே நான் பெற்ற முதற்பாடம்.

தெரியுமா?

செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றி எழுப்பிய கோயில் என முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுக் குடைவரையைக் கல்வெட்டில் குறிப்பிடுகிறான்.

நீக்கும் கலை

சேலத்தை அடுத்த தாரமங்கலத்தில், கெட்டி முதலிகள் திருப்பணி செய்த கயிலாசநாதர் கோயில் கட்டடக் கோயிலே ஆகும். எனினும் அங்குள்ள கற்சங்கிலியும் சிங்கத்தின் வாய்க்குள் உருளும் கல்லுருண்டையும் நாமக்கல் சொன்னதையே மீண்டும் சொல்கின்றன. உருண்டையை வெளியிலிருந்து உள்ளே வைத்தவர் எவருமில்லை. அதைச் சுற்றியிருந்த கல்லை நீக்கியதால் அது உருண்டையாயிற்று. வளையங்களுக்கிடையே இருந்த கல் விலகியதால் சங்கிலி அசைந்தது.

கற்றல் என்றால் சேர்த்துக்கொண்டே போவது என்று எண்ணுகிறோம். எழுதிய கட்டுரையில் மிகையான சொற்களை அகற்றும்போது கருத்துத் துலங்குகிறது. நாள்முழுதும் சிதறும் கவனத்தைக் குறைக்கும்போது படிப்பு கைகூடுகிறது. எதை விடுவது என்று அறிதலும் கல்வியே என்பது இரண்டாம் பாடம்.

பெயரற்ற கைகள்

அரசனின் பெயரைக் கல்வெட்டு காத்தது. உளி பிடித்தவர்களின் பெயர்களை நாம் அறியோம். ஆயினும் அவர்தம் உழைப்பு பன்னிரண்டு நூற்றாண்டுகளாக நிற்கிறது. இன்றோ, பழங்கோயில்கள் பலவற்றின் சுவர்களிலும் தூண்களிலும் வருவோர் தம் பெயர்களைக் கூரிய ஆணியால் கீறிச் செல்கின்றனர். அக்கீறலும் கல்லை நீக்கும் செயலே. சிற்பி, நீக்க வேண்டியதை மட்டும் அறிந்து நீக்கினார். பின்வந்தவரோ நீக்கக்கூடாததை நீக்குகின்றனர். ஒருமுறை கீறிய கல் மீண்டும் வளராது. முன்னோர் தொட்ட இடத்தில் உளி நின்ற எல்லையை மதித்து, நம் கைகளும் நிற்கப் பழகுவதே நாம் அவர்களுக்குச் செலுத்தும் நன்றியாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள பழைமையான வழிபாட்டிடம் ஒன்றைக் கண்டு, அது உங்களுக்கு உணர்த்தியதை ஒரு பக்க அளவில் எழுதுக.
2. கட்டடக் கோயிலையும் குடைவரைக் கோயிலையும் ஒப்பிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.