விரிசல் கண்ட பைபர் வள்ளம்

கன்னியாகுமரிக்குச் சற்றுக் கிழக்கேயுள்ள ஆரோக்கியபுரம் முதல் மேற்கே நீரோடி வரை நீண்டு கிடக்கும் நம் கடற்கரையில், ஒரு தலைமுறைக்கு முன் மரமே மீனவர்க்கு ஆதாரமாயிருந்தது. கட்டுமரத்தின் தடி பிளந்தால் கயிற்றை அவிழ்த்து வேறு தடி சேர்ப்பர். குடைந்த வள்ளம் பிளந்தால் ஓடாவி வந்து ஒட்டுப் பலகை வைத்துத் தைப்பார். அவ்வித்தை தந்தையிடமிருந்து மைந்தனுக்கு வந்தது. பிற்காலத்து வந்த கண்ணாடியிழை வள்ளத்திற்கோ அத்தகைய மரபு இல்லை. வள்ளம் வந்தது, அதைச் செப்பனிடும் அறிவு உடன் வரவில்லை. அக்குறையைச் சிறிது நிரப்பும் பொருட்டே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

1980-களின் தொடக்கத்தில் முட்டத்தில் பெல்ஜிய நாட்டினரான பியேர் ஜில்லே என்பவரின் முயற்சியால் பிளைவுட் வள்ளங்கள் கட்டப்பட்டன. பலகைகளைக் கம்பியால் தைத்துப் பொருத்தி, அப்பொருத்துகளின்மேல் கண்ணாடியிழையும் ரெசினும் இட்டு இறுகச் செய்வது அம்முறை. இழையும் ரெசினும் நம் கரையில் பழக்கமானதில் அதற்குப் பெரும் பங்குண்டு. பின்னர் 2004 டிசம்பர் 26-ல் எழுந்த ஆழிப்பேரலை எண்ணற்ற கலங்களை உடைத்தது. அதன்பின் நிவாரணமாக வந்தவற்றுள் முழுதும் கண்ணாடியிழையாலாகிய வள்ளங்களே மிகுதி. மோட்டார் வண்டியுலகிலும் இப்பொருள் புதிதன்று. அமெரிக்காவில் 1953-ல் வெளிவந்த கார்வெட் என்னும் காரின் உடல் இதனாலாயதே. நம் நாட்டில் 1982-ல் பெங்களூரிலிருந்து வந்த டால்பின் காரும் அத்தகையதே. ஆதலின் ஈண்டு வள்ளத்திற்குச் சொல்வன, கண்ணாடியிழையாலாகிய காரின் பம்பருக்கும் ஆட்டோவின் முகப்புக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

இனி, இப்பொருளின் இயல்பை அறிதல் வேண்டும். இதன் வலிமை முழுதும் இழையிலேயே உள்ளது. ரெசின் அவ்விழைகளைப் பிணித்து நிறுத்தும் பசை மாத்திரமே. மேலே பளபளக்கும் வண்ணப் பூச்சாகிய ஜெல்கோட் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனமே உடையது. அது நீரைத் தடுக்குமேயன்றிச் சுமை தாங்காது. விரிசல் என்பது இழை அறுந்தது எனின், அறுந்த இழைக்கு ஈடாகப் புதிய இழை பாலமிட்டுச் செல்லல் வேண்டும். அதுவன்றி வெளியே பட்டியைத் தேய்த்து வண்ணம் அடிப்பது, ஒடிந்த காலுக்குச் சந்தனம் பூசுவது போன்றதே.

இதை நாம் நேரிற் கண்டதுண்டு. ஒரு கரையில் புதுக்கருக்கு மாறாத வள்ளம் ஒன்று கிடந்தது. அடியில் விரிசல் இருந்தது என்றும், சரிசெய்தாயிற்று என்றும் உடையவர் சொன்னார். ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே வந்தோம். நல்ல இடத்தில் கணீரென்றது. பட்டி பூசிய இடத்திலும் அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்திலும் மந்தமாக ஒலித்தது. உள்ளே குனிந்து நோக்கினால் அப்பகுதி வெளுத்துக் கிடந்தது. பூச்சு மறைத்ததேயன்றி ஒன்றையும் தாங்கவில்லை. அவ்வள்ளத்திலேதான் மறுநாள் விடியலில் நால்வர் கடலுக்குச் செல்லவிருந்தனர். தட்டிப் பார்த்தலும் உட்புறம் வெளுப்பு நோக்கலும் எவரும் செய்யக்கூடிய சோதனைகள். சிலந்தி வலைபோல் மேலோடு நிற்கும் நுண்கோடுகள் ஜெல்கோட்டளவில் இருக்கலாம். கையால் அழுத்தினால் வாய் திறக்கும் விரிசலோ உடலை ஊடுருவியது.

நம் கரையில் இவ்விரிசல் ஏன் மிகுதி எனின், துறைமுகமில்லா ஊர்களில் வள்ளம் அலையோடு வந்து மணலில் மோதியே கரை சேர்கிறது. ஆனி ஆடியில் அம்மோதல் கடுமையாகும். கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கற்களில் உரசுவதும் உண்டு.

செப்பனிடும் முறை வருமாறு. முதலில் நன்னீரால் உப்புப் போகக் கழுவிச் சில நாள் நிழலில் நன்றாக உலர்த்துக. ஈரமுள்ள உடலில் ரெசின் பற்றாது. சாரற் காலத்தில் இவ்வேலை தொடங்காமையே நன்று. விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டால் அது மேலும் ஓடாது. பின்பு உட்புறத்திலிருந்து, சிதைந்து வெளுத்த பகுதி முழுதையும் தேய்த்து நீக்குக. ஓரம் செங்குத்தாக நிற்றலாகாது. கனத்தைப்போற் பன்னிரு மடங்கு நீளத்திற்குச் சரிவாகத் தேய்த்தல் வேண்டும். ஆறு மில்லிமீட்டர் கனமெனின் இருபுறமும் ஏழு சென்டிமீட்டர். வீண் வேலை என்று பலர் இதைச் சுருக்குகின்றனர். ஆனால் பழைய ரெசின் முற்றும் இறுகிவிட்டமையால் புதியது அதனோடு ஒன்றாகக் கலப்பதில்லை. சுரசுரப்பான பரப்பைப் பற்றியே நிற்கும். பற்றுதற்கு இடம் தருவது இச்சரிவே.

துளை வெளியே தெரிந்தால் மெழுகு பூசிய தகடொன்றை வெளிப்புறம் அணைத்துக் கட்டுக. கடையில் 'மேட்' என்னும் இழைப்பாயை, சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ளதாக வாங்கினால், ஓர் அடுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம் தரும். துண்டுகளின் விளிம்பைக் கத்தரியால் வெட்டாமல் கையாற் பிய்த்தால் ஓரம் மெல்லியதாய்ப் படியும். சரிவு முழுதையும் மூடும் பெரிய துண்டை முதலிலும், அதன்மேல் ஒன்றைவிட ஒன்று சிறிதாகவும் இடுக. முடிவில் மட்டமாகத் தேய்க்கையில் பெரிய துண்டு அறுபடாது. பாயின் எடையைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் போதும். மிகுந்தால் வலிமையன்று, நொறுங்குதலே கூடும். காற்றுக் குமிழிகளை ரோலரால் உருட்டி வெளியேற்றுக. ஒரே மூச்சில் மூன்று நான்கு அடுக்குகளுக்கு மேல் இட்டால் இறுகும்போது எழும் வெப்பத்தால் புதிய வேலையே வெடிக்கும்.

மருந்து கலத்தலில் மிகுந்த கவனம் வேண்டும். பாலியெஸ்டர் ரெசினுக்குக் கோபால்ட் எனப்படும் ஊதா நிற ஆக்ஸலரேட்டரும், நீர்போன்ற கேட்டலிஸ்டும் சேர்க்கப்படும். இவ்விரண்டையும் நேராக ஒன்றோடொன்று கலத்தல் ஒருக்காலும் கூடாது, வெடிக்கும். முன்னதை ரெசினில் நன்றாகக் கலக்கி முடித்த பின்னரே பின்னதைச் சேர்க்க வேண்டும். ஒரு கிலோ ரெசினுக்குக் கேட்டலிஸ்ட் 10 முதல் 20 கிராம். வெயிற் காலத்தில் குறைந்த அளவே தகும். கால் மணிக்குள் உறையத் தொடங்குமாதலால் அரைக் கிலோவாகக் கலத்தல் நன்று. ஒரு துளி கேட்டலிஸ்ட் கண்ணிற் பட்டாலும் பார்வை போதல் கூடும். கண்ணாடி அணிக, பட்டுவிட்டால் கால் மணிக்குக் குறையாமல் ஓடும் நீரிற் கழுவிக்கொண்டு மருத்துவரிடம் விரைக. ரெசினின் ஆவி தீப்பற்றும். அடுப்பருகிலோ பீடி புகைத்துக்கொண்டோ இவ்வேலை செய்யற்க. தேய்க்கும்போது பறக்கும் இழைத்தூள் நெஞ்சுக்குக் கேடு. துண்டை மூக்கில் சுற்றினால் போதும் என்பது நம்மவர் எண்ணம். அது போதாது, தூசி தடுக்கும் முகமூடியே வேண்டும்.

நிற்க. வலுவூட்டல் வேறு, தடிக்கச் செய்தல் வேறு. விரிந்த இடத்தில் மாத்திரம் பாயை அடுக்கித் தடிப்பாக்கினால், அசைந்து கொடுக்கும் மெல்லிய உடலுக்கும் அசையாத தடித்த பகுதிக்கும் இடையே மறுவிரிசல் பிறக்கும். ஒரே இடம் மீண்டும் மீண்டும் விரியுமானால் அடிப்பரப்பு மிகுதியாக அசைகிறது என்று கொள்ளலாம். அதற்கு விலாவெலும்பு போன்ற குறுக்குத் தாங்கி வேண்டும். நெடுக்காக இரண்டாய்ப் பிளந்த பி.வி.சி. குழாயைக் கவிழ்த்து வைத்து, இருபுறமும் ஐந்து சென்டிமீட்டர் உடலின்மேல் படியுமாறு இரண்டு மூன்று அடுக்குப் பாயால் மூடுக. குழாய் அச்சு மாத்திரமே. சுமை தாங்குவது மேலுள்ள இழை.

காற்றுப் பட்ட ரெசினின் மேற்பரப்பு பிசுபிசுப்பு நீங்காது. ஆதலின் கடைசிப் பூச்சில் மெழுகுக் கரைசல் சேர்ப்பர், அல்லது பாலிதீன் தாளால் மூடி வைப்பர். மெழுகு சேர்த்த பரப்பின்மேல் மறுபடியும் அடுக்கு இட நேரிட்டால் முதலில் அதைத் தேய்த்தே ஆகவேண்டும். ஒரு நாளில் கைக்கு இறுகியதுபோல் தோன்றினும், ஒரு வாரம் கழித்து மீண்டும் நாணயத்தால் தட்டிப் பார்த்து, ஒலி ஒத்திருந்தால் வள்ளத்தை அலையில் இறக்கலாம்.