கறுத்த வாழைப்பழமும் காசாகும்: வீட்டிலேயே வாழைப்பழக் கப் கேக்

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் தள்ளுவண்டியில் காலையில் மஞ்சளாகத் தொங்கும் வாழைச் சீப்பு, மறுநாள் மாலைக்குள் கரும்புள்ளி கண்டுவிடும். புள்ளி விழுந்தால் விலை இறங்கும். தோல் முழுவதும் கறுத்துவிட்டால் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. இந்த நஷ்டத்தைக் கடைக்காரர் தன் தலையில் போட்டுக்கொள்வதில்லை. அடுத்த முறை மண்டியில் குறைத்துக் கேட்கிறார். மண்டிக்காரர் தார் வெட்டிய விவசாயியிடம் குறைக்கிறார். கொத்தவால் சாவடியில் காய்கனி மொத்த வியாபாரம் நடந்த காலத்திலும் இதே கதைதான். 1996-ஆம் ஆண்டு அது கோயம்பேட்டுக்கு மாறிய பிறகும் இந்தக் கணக்கு மாறவில்லை.

2020-ஆம் ஆண்டு பொதுமுடக்கத்தின்போது தமிழ்நாட்டில் பல இடங்களில் வாழைத்தார்கள் வெட்ட ஆளின்றியும், ஏற்ற வண்டியின்றியும் தோட்டத்திலேயே பழுத்து வீணாயின. அதே மாதங்களில் உலகின் பல நாடுகளிலும் வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் கனிந்த வாழைப்பழத்தைக் கொண்டு ரொட்டியும் கேக்கும் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் இந்தப் பழக்கம் 1930-களில் பரவியது. கடுமையான பொருளாதார முடையில் இருந்த குடும்பங்கள், கறுத்த பழத்தையும் எறிய மனமில்லாமல் மாவில் பிசைந்து சுட்டதே இதன் தொடக்கம். அதாவது இது பணக்காரர் பண்டமாகப் பிறக்கவில்லை.

கறுத்த பழம் கெட்ட பழம் அல்ல. காயாக இருக்கும்போது வாழையின் சதையில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது. பழுக்கப் பழுக்க இது சர்க்கரையாக மாறி, நன்கு கனிந்த பழத்தில் ஒன்றிரண்டு கிராம் மாவுச்சத்தே மிஞ்சுகிறது. வாசனையும் கடைசி இரண்டு நாட்களில்தான் கூடுகிறது. ஆகவே சாப்பிடுவதற்கு அழகான மஞ்சள் பழம் உகந்தது என்றால், கேக்குக்குப் புள்ளி விழுந்து தொட்டால் குழையும் பழமே உகந்தது. மஞ்சள் பழத்தைப் போட்டுவிட்டு வாசனை வரவில்லையே என்று எசென்ஸ் ஊற்றுவது வீண் செலவு.

ஆனால் எல்லாக் கறுப்பும் ஒன்றல்ல. தோல் கறுத்து, உரித்தால் சதை வெளுப்பாகவோ இளமஞ்சளாகவோ இருந்தால் பயன்படுத்தலாம். காம்புப் பக்கம் பூசணம் பூத்திருந்தாலும், கள் போன்ற புளித்த வாடை அடித்தாலும், தோல் வெடித்து நீர் வடிந்தாலும் அந்தப் பழம் எருக்குழிக்குத்தான் போக வேண்டும். சுட்டால் சரியாகிவிடும் என்று எண்ணக் கூடாது.

ரகத்தைப் பொறுத்தவரை, பெரிய பேக்கரிகளில் ரோபஸ்டாவே வழக்கம். தோட்டத்தில் பூவன் இருந்தால் தயங்க வேண்டியதில்லை. அதன் இலேசான புளிப்பு ஆப்பசோடாவோடு சேர்ந்து மாவை நன்றாக எழும்பச் செய்யும். கற்பூரவல்லி மிகுந்த இனிப்பு உடையதால் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளலாம். நேந்திரன் முழுதும் கறுத்தால் ஒழிய மசியாது. அவித்து மசித்துப் போடலாம்.

பன்னிரண்டு சிறு கேக்குகளுக்கு வேண்டியவை: தோல் நீக்கி மசித்த பழக்கூழ் 300 கிராம் (பூவனில் ஐந்தாறு பழம், ரோபஸ்டாவில் மூன்று), மைதா 200 கிராம், நாட்டுச் சர்க்கரை 100 கிராம், வாசனை குறைந்த சமையல் எண்ணெய் 80 மில்லி, முட்டை ஒன்று, தயிர் இரண்டு மேசைக்கரண்டி, ஆப்பசோடா தலைதட்டி ஒரு தேக்கரண்டி, உப்பு இரண்டு சிட்டிகை, ஏலக்காய் நான்கு. முட்டை வேண்டாதவர்கள் தயிரை நான்கு கரண்டியாகக் கூட்டிக்கொள்ளலாம். மைதாவில் பாதிக்குப் பதில் கோதுமை மாவு சேர்க்கலாம். கேழ்வரகு, கம்பு மாவு கால் பங்கு வரை தாங்கும். அதற்கு மேல் போனால் கேக் உதிர்ந்துவிடும்.

மைதா, ஆப்பசோடா, உப்பு, பொடித்த ஏலக்காய் ஆகியவற்றை இரண்டு முறை சலித்து ஒரு பாத்திரத்தில் வைக்க வேண்டும். இன்னொரு பாத்திரத்தில் பழக்கூழ், சர்க்கரை, எண்ணெய், முட்டை, தயிர் ஆகியவற்றை நன்றாக அடிக்க வேண்டும். எவ்வளவு அடித்தாலும் இங்கே கெடுதல் இல்லை. கெடுதல் வருவது இரண்டையும் சேர்க்கும்போதுதான். பரோட்டாவுக்கு மைதாவை அடித்துப் பிசையப் பிசைய அது இழுபடுகிறதல்லவா? அந்த இழுவை கேக்குக்கு ஆகாது. மாவைக் கொட்டிக் கரண்டியால் பத்துப் பதினைந்து முறை புரட்டி, உலர்ந்த மாவு கண்ணில் படாத அளவில் நிறுத்திவிட வேண்டும். அங்கங்கே சிறு கட்டி இருந்தாலும் பரவாயில்லை. இட்லி மாவு கரைத்துப் பழகிய கை நிறுத்த மனம் வராமல் கலக்கிக்கொண்டே இருக்கும். முதல் தடவை கேக் ரப்பர் போல வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஓவன் இருப்பவர்கள் 180 டிகிரி சென்டிகிரேடில் 20 முதல் 25 நிமிடம் சுடலாம். இல்லாதவர்களுக்குப் பழைய கனமான அலுமினியக் குண்டான் போதும். அடியில் இரண்டு விரற்கடை உயரம் உலர்ந்த மணல் அல்லது கல்லுப்பு பரப்பி, மேலே பிரிமணை போன்ற ஒரு தாங்கியை வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடேற்ற வேண்டும். சோறு வடிக்கும் குக்கரை இதற்குப் பயன்படுத்தினால், தண்ணீரில்லாமல் காய்ந்து அதன் அடி நெளிந்துபோக இடமுண்டு. எண்ணெய் தடவி மாவு தூவிய சிறு எவர்சில்வர் கிண்ணங்களில் முக்கால் பங்கு கலவையை ஊற்றி, குண்டானுக்குள் வைத்து மூடி, தீயைத் தணித்து 30 முதல் 35 நிமிடம் விட வேண்டும். முதல் 20 நிமிடம் மூடியைத் திறக்கக் கூடாது. பிறகு ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்து, மாவு ஒட்டாமல் வந்தால் இறக்கலாம்.

ஒரு குண்டானில் ஐந்தாறு கிண்ணத்துக்கு மேல் கொள்ளாது. பன்னிரண்டுக்கும் ஒரேயடியாகக் கலந்து வைத்தால் இரண்டாவது ஈடு சப்பையாகிவிடும். ஈரம் பட்டதுமே ஆப்பசோடா நுரைக்கத் தொடங்கி, அடுத்த ஈடு அடுப்பேறுவதற்குள் அதன் வேகம் அடங்கிவிடுவதே காரணம். ஆகவே உலர்ந்த கலவையையும் ஈரக் கலவையையும் தனித்தனியே பாதி பாதியாகப் பிரித்து வைத்து, ஈட்டுக்கு ஈடு கலப்பதே முறை. சப்பையாகிவிட்டதே என்று சோடாவைக் கூட்டினால் சவர்க்கார ருசி வரும்; நிறமும் செம்பழுப்பாகிவிடும்.

ஒரே நாளில் தார் முழுவதும் கனிந்துவிட்டால் என்ன செய்வது? உரித்து மசித்து, கிலோவுக்கு ஒரு எலுமிச்சம்பழச் சாறு சேர்த்து, 300 கிராம் பொட்டலங்களாக உறைபெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் தாங்கும். எலுமிச்சைச் சாறு கூழ் கறுப்பதை மட்டுப்படுத்தும். பழுத்த பழத்தைத் தோலோடு குளிர்பெட்டியில் வைத்தால் தோல் கறுக்கும், சதைக்குக் கேடில்லை. காயை மட்டும் வைக்கவே கூடாது. 13 டிகிரிக்குக் கீழே போன காய், வெளியே எடுத்த பிறகும் சரியாகப் பழுக்காது.

விற்பனைக்கு வருவோம். பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பங்களுக்கு ராயபுரம் எட்டாத ஊர் அல்ல. கும்மிடிப்பூண்டித் தடத்தில் கடற்கரை நிலையம் செல்லும் புறநகர் வண்டியைப் பிடித்தால் வண்டி மாறாமல் ராயபுரத்தில் இறங்கலாம். தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் 1856-இல் புறப்பட்ட நிலையம் அது. துறைமுகத்துக்கும் காசிமேட்டுக்கும் இடையில் விடியற்காலையிலேயே வேலைக்கு இறங்குபவர்கள் அதிகம். டீக்கடைகளில் கண்ணாடி ஜாடியில் பன்னும் கேக்கும் விற்கும். அந்த ஜாடியில் இடம் பிடிப்பதே குறி. ஒரு கடைக்குப் பத்து வீதம் இரண்டு கடைக்குக் கொடுத்து, மறுநாள் எத்தனை மீந்தது என்று கேட்டறிந்து பிறகு கூட்டலாம்.

கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம் என்பதை மறக்கக் கூடாது. சூடு ஆறாமல் பையில் கட்டினால் உள்ளே வியர்த்து, மூன்றாம் நாள் பூசணம் பூக்கும். இரண்டு மணி நேரமாவது ஆறவிட்டே கட்ட வேண்டும். இரண்டு நாளைக்கு மேல் வெளியில் வைத்து விற்கக் கூடாது. விற்பனைக்குச் செய்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, பொட்டலத்தின் மேல் சேர்மானம், தயாரித்த நாள், எந்த நாளுக்குள் உண்ண வேண்டும் என்பவற்றை அச்சிட வேண்டும். முட்டை சேர்த்தால் பழுப்பு முக்கோண அசைவக் குறி இடுவது கட்டாயம்.

விலை வைக்கும்போது, "பழம் நம் தோட்டத்தது" என்று அதைக் கணக்கில் விட்டுவிடுவது பலரும் செய்யும் தவறு. அந்தப் பழம் அன்று மண்டியில் என்ன விலைக்குப் போயிருக்குமோ அதையும், எரிவாயு, ரயில் கட்டணம், வீட்டுப் பெண்களின் அரைநாள் கூலி, மீந்து திரும்பும் கேக் ஆகியவற்றையும் சேர்த்த பிறகே ஒரு கேக்கின் அடக்கவிலை தெரியும். பெண்களின் கூலியைச் சேர்க்காமல் காட்டும் லாபம் லாபமே அல்ல.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். 15 கிலோ எடையுள்ள பூவன் தார் ஒன்றில் காம்பும் தோலும் போக ஏறக்குறைய 9 கிலோ கூழ் கிடைக்கும். அது 360 கேக்குக்குப் போதுமானது. ஒரு தாரே ஒரு வீட்டுக்குப் பல நாள் வேலை என்றால், லாரிக் கணக்கில் பழம் தேங்கும்போது இது கைகொடுக்காது. அதற்குக் குழுவாகச் சேர்ந்து கூழ், வற்றல், மாவு என்று போவதே வழி. கேக் என்பது சீப்புக் கணக்கில் கழியும் பழத்துக்கானது.

வாழை மதிப்புக்கூட்டல் பற்றி மேலும் அறிய விரும்புவோர் திருச்சியில் 1993-இல் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தை அணுகலாம். திருவள்ளூர் மாவட்ட விவசாயிகளுக்குத் திரூர் வேளாண் அறிவியல் நிலையம் அருகில் இருக்கிறது. போகும்போது வீட்டில் சுட்ட கேக்கில் நான்கை ஒரு டப்பாவில் எடுத்துப் போனால், குறை எங்கே என்று கையோடு காட்டிக் கேட்கலாம்.