எடைக்கா, உருப்படிக்கா

நாகல் நகர்,
திண்டுக்கல்.

மாப்பிள்ளை,

நேற்று ராத்திரி அக்கா போன் பண்ணி ஒரு மணி நேரம் புலம்பித் தீர்த்துவிட்டாள். "உன் மருமகன் வீட்டைக் காயலான் கடையா ஆக்கிட்டான், கட்டில் அடியில கூட டப்பா டப்பாவா அடுக்கி வச்சிருக்கான், நீயாவது சொல்லுடா" என்றாள். நான் சொன்னால் நீ கேட்பாய் என்று அவளுக்கு இன்னும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. போனில் சொன்னால் "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய கம்ப்யூட்டர், டிவி கேம் வாங்கி விற்கிற இந்தத் தொழிலை விடு என்று எழுத நான் உட்காரவில்லை. முப்பது வருஷம் டிவி ரிப்பேர் பார்த்துப் பிழைத்தவன் பழைய பெட்டியைக் கேலி செய்தால் சோறு இறங்குமா? நீ வாங்குகிற விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

பூட்டுப் பட்டறைச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளை நீ. மாங்காய்ப் பூட்டு ஒன்று சாவியோடு இருந்தால் அது பூட்டு. சாவி தொலைந்துபோனால் இரும்பு, தராசில் ஏறிவிடும். நம் ஊர்ப் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு பழைய பூட்டைத் தேடி வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். வந்தவன் முதலில் கேட்பது சாவியைத்தான். அடுத்து, யார் பட்டறையில் செய்தது என்று கேட்பான். இரண்டுக்கும் பதில் இருந்தால் உருப்படி விலை. இல்லையென்றால் எடை விலை. உன் கம்ப்யூட்டர், டிவி கேம் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

போன மாதம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஐந்து பிளேஸ்டேஷன் 2 வாங்கி வந்தாயாமே. உலகம் முழுக்க 15 கோடிக்கு மேல் விற்ற பெட்டி அது. ஜப்பான்காரனிடமும் இருக்கிறது, லண்டன்காரனிடமும் இருக்கிறது. அதைத் திண்டுக்கல்லிலிருந்து எவன் வாங்குவான்? உன்னால் மட்டும் எடுக்க முடிகிற சரக்கு எது என்று யோசி. இந்தியாவில் செய்து, இந்தியாவில் விற்று, இந்தியப் பரணிலேயே கிடக்கிறதே, அதுதான் உன் சரக்கு.

1980-களிலும் 90-களின் தொடக்கத்திலும் வெளிநாட்டு கேம் பெட்டி இங்கே லேசில் வராது. சுங்க வரி அப்படி. சிங்கப்பூரில் மாமன் மச்சான் இருக்கவேண்டும், அல்லது பர்மா பஜாரில் பேரம் பேசவேண்டும். நிண்டெண்டோ 1983-ல் ஜப்பானில் விட்ட ஃபேமிகாமின் நகல்தான் நம் தெருவுக்கு வந்து சேர்ந்தது. மீடியா என்ற கம்பெனி 'சாமுராய்', 'லிட்டில் மாஸ்டர்' என்று பெயர் போட்டு விற்றது ஞாபகம் இருக்கிறதா? நீ பிறக்கவே இல்லை, உனக்கு எப்படி ஞாபகம் இருக்கும். உன் அம்மாவைக் கேள். பரீட்சை லீவில் காண்ட்ரா ஆடி ஆடிப் பொத்தானையே தேய்த்தவள், இன்று உன்னைத் திட்டுகிறாள்.

அந்தப் பெட்டிகளை எல்லாரும் விளையாடித் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அட்டைப் பெட்டியோடு, அடாப்டரோடு, இரண்டு ஜாய்ஸ்டிக்கோடு ஒன்று கிடைத்தால் அந்த ஐந்து பிளேஸ்டேஷனையும் தூக்கிக் கொடுத்துவிட்டு அதை வாங்கு. கேசட் மேலே '9999999 இன் 1' என்று போட்டிருக்கும். உள்ளே பத்துப் பதினைந்து கேம்தான் திரும்பத் திரும்ப வரும். அந்தப் புளுகையும் சேர்த்துத்தான் இன்று ஆசைப்படுகிறார்கள், லேபிளைக் கிழித்துவிடாதே.

விற்கும்போது இரண்டு விஷயம் மறைக்காதே. நம் ஊர்ப் பெட்டி 'பால்' (PAL) முறையில் படம் தரும். அமெரிக்காவின் பழைய டிவியில் ஒழுங்காக வராது. 60 ஹெர்ட்ஸுக்கு எழுதிய கேம் இங்கே 50-ல் ஓடுவதால் கொஞ்சம் மந்தமாகவும் ஓடும். அடாப்டரில் பிளஸ் நடுவிலா வெளியிலா என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். மாற்றிச் செருகினால் உள்ளே இருக்கிற 7805 ரெகுலேட்டரோடு மற்றதும் சேர்ந்து போகும். மீட்டர் வைத்துப் பார்த்து, பெட்டி அடியில் ஒரு சீட்டு எழுதி ஒட்டு.

துப்பாக்கி வைத்து வாத்து சுடுகிற கேமைப் பற்றிக் கேட்டாய் அல்லவா, எல்இடி டிவியில் ஒரு வாத்துகூட விழவில்லை என்று. துப்பாக்கி கெட்டுப்போகவில்லை, மாப்பிள்ளை. விசையை அழுத்தியதும் திரை ஒரு நொடியில் சின்னத் துளி நேரம் கறுப்பாகும், அடுத்து வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைச் சதுரமாகும். துப்பாக்கிக் குழலில் இருக்கும் கண் அந்த வெளிச்சத்தை அந்தக் கணத்திலேயே பார்க்கவேண்டும். பிக்சர் டியூப் தாமதமில்லாமல் காட்டும். புது டிவி படத்தை வாங்கி, சரிபண்ணி, பிறகுதான் காட்டுகிறது. அதற்குள் துப்பாக்கி கண்ணை மூடிவிடும்.

அதற்கு என்ன செய்வது? 2006-ல் கொடுக்க ஆரம்பித்தார்களே, இலவச கலர் டிவி, 14 இன்ச். தமிழ்நாடு முழுக்க ஒன்றரைக் கோடிக்கு மேல் கொடுத்தார்கள். வேடசந்தூர்ப் பக்கம், ஒட்டன்சத்திரம் பக்கம் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் பரணில் ஒன்று துணி போர்த்திக் கிடக்கும். டிவி கேமுக்கு அதைவிடப் பொருத்தமான ஜோடி கிடையாது. ஆனால் நான் பக்கத்தில் இல்லாமல் பின்மூடியைக் கழற்றாதே. சுவிட்சை அணைத்து நாளாகியிருந்தாலும் டியூப் பக்கவாட்டில் ரப்பர் மூடிக்கு அடியில் மின்சாரம் தேங்கி நிற்கும். ஓடும்போது இருபதாயிரம் வோல்ட்டைத் தாண்டும் இடம் அது. ஒருமுறை பேச்சு சுவாரஸ்யத்தில் எர்த் பண்ணாமல் கை வைத்தேன். எதிர்ச் சுவரில் போய் விழுந்தேன். டியூப் கழுத்தும் உடைந்தது. வாடிக்கையாளருக்குப் புது டியூப் என் செலவு.

கம்ப்யூட்டர் பக்கம் வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படி.

1984-ல் மத்திய அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தர 'கிளாஸ்' என்று ஒரு திட்டம் போட்டது. அதற்கு எடுத்த மிஷின் பிபிசி மைக்ரோ. இங்கிலாந்தில் ஏகார்ன் கம்பெனி செய்தது, 32 கேபி மெமரி. பிறகு மொஹாலியில் இருந்த அரசு நிறுவனம் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் அதையே இங்கே செய்தது. 1989-ல் அந்தத் தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்தது. அதனால் அங்கிருந்து வந்த மிஷின் எது கிடைத்தாலும் விடாதே.

இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத்தில் ஸ்டோர் ரூமைக் காலி பண்ணுகிறார்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். பதினொரு பெட்டி. கீபோர்டு பெட்டியோடு சேர்ந்தே இருக்கும், மேல் வரிசையில் பத்து சிவப்புப் பொத்தான். டிவி மெக்கானிக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று நினைத்தேன். டிரான்ஸ்பார்மர் இருந்தால் செம்புக்கு ஆகும் என்று திறந்து பார்த்தேன், அதுகூட இல்லை. ஐ.சி.யை எல்லாம் நெம்பி எடுத்து ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டேன். போர்டு எடைக்கு, பிளாஸ்டிக் எடைக்கு. வந்த காசில் அன்று ராத்திரி பிரியாணி சாப்பிட்டோம், உன் அப்பாவும் கூட இருந்தார். இன்று அதில் ஒரு பெட்டி என்ன விலைக்குப் போகும் என்று நீயே எனக்குக் காட்டினாய். அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு பெட்டிக்கு அடியிலும் பள்ளிக்கூடத்துப் பேரும் நம்பரும் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது. அதைச் சுரண்டிச் சுத்தமாக்கிக் கொடுத்தேன். அதுதான் அறுக்கிறது. சாவியை நானே தூக்கி எறிந்த மாதிரி.

அதனால் அடியில் இருக்கும் எழுத்தைத் துடைக்காதே. ஸ்டிக்கர், சீரியல் நம்பர், ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமப் பொட்டு எல்லாம் அப்படியே இருக்கட்டும். எந்த ஊர், எந்த ஆபீஸ், எந்த வருஷம், யார் கையிலிருந்து எடுத்தாய் என்று அன்றைக்கே ஒரு நோட்டில் எழுது. ஒரு வாரம் போனால் உனக்கே மறந்துவிடும்.

தேடவேண்டியது இன்னும் இருக்கிறது. புனேயில் டெசிபெல்ஸ் கம்பெனி போட்ட 'டிபி ஸ்பெக்ட்ரம்'. சென்னையில் ஸ்டெர்லிங் கம்பெனி குறைந்த விலைக்கு விட்ட 'சிவா பிசி'. 2004-ல் வந்து, பேசப்பட்ட அளவுக்கு விற்காமல் போன சிம்ப்யூட்டர். டிவிஎஸ் கோல்டு கீபோர்டை விட்டுவிடாதே. வங்கி, நகைக்கடை என்று எங்கும் டக் டக் என்று சத்தம் போட்டதே, அதுதான். பழையதில் உள்ளே செர்ரி சுவிட்ச் இருக்கும். கீபோர்டு பைத்தியங்கள் அதற்காகவே வாங்குகிறார்கள்.

என் ஆசை இன்னொன்றின் மேல். ஜிஸ்ட் கார்டு. ஐஐடி கான்பூரில் பிறந்து சி-டாக் வெளியிட்டது. இங்கிலீஷ் மட்டும் தெரிந்த டாஸ் கம்ப்யூட்டருக்குள் இந்தக் கார்டைச் செருகினால் திரையில் தமிழ் வரும். இந்திய மொழிகளுக்கெல்லாம் ஒரே கீபோர்டு அமைப்பு, உள்ளே ஒரே எண் வரிசை. அதனால் தமிழில் அடித்த பேரை அப்படியே இந்தி எழுத்துக்கு மாற்றிக் காட்டும். யூனிகோடு நம் வீட்டுக்கு வருவதற்கு வெகு காலம் முன்னால் இந்த வித்தை நடந்திருக்கிறது. ஆஃப்செட் அச்சகம், பழைய அரசு ஆபீஸ், டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டைக் கம்ப்யூட்டர் சென்டராக மாற்றியவர்கள், இவர்களிடம் கேள். "கார்டு இருக்கா" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "டாஸ்ல தமிழ் அடிச்ச மிஷின் என்னாச்சு அண்ணே" என்று கேள். பெரியவர் எழுந்து உள்ளே போவார். காபி கொடுத்தால் குடி, அவசரப்படாதே. கதைதான் பாதிச் சரக்கு.

எந்தப் பெட்டி வந்தாலும் நேராக பிளக்கில் செருகும் பழக்கத்தை இன்றோடு நிறுத்து. முதலில் திற. பல்லி முட்டை இருக்கும், எறும்புப் புற்று இருக்கும். 286, 386 போர்டானால் பீப்பாய் மாதிரி நீலக் கலரில் ஒரு பேட்டரி இருக்கிறதா பார். அது கசிந்து பச்சைப் பச்சையாகச் செம்புக் கோட்டைத் தின்னும். பார்த்த அன்றே வெட்டி எடு. பிறகு சீரிஸ் பல்பு வழியாக கரண்ட் கொடு. பல்பு லேசாக மின்னி மங்கினால் பிழைத்தாய். முழுசாக எரிந்தால் உள்ளே ஷார்ட், உடனே அணை. பிபிசி பெட்டியில் மட்டும் இதையும் நம்பாதே. பவர் சப்ளையில் மெயின்ஸ் வருமிடத்தில் கண்ணாடி மாதிரி மஞ்சள் கண்டன்சர் இருக்கும், மேலே முடி முடியாகக் கீறல் விட்டிருக்கும். பல்பு ஒன்றும் சொல்லாது. அரை மணி நேரம் நன்றாக ஓடும். திடீரென்று டப்பென்று வெடித்து அறை முழுக்க நாற்றப் புகை. கீறலைப் பார்த்தாலே மாற்றிவிடு. கழற்றியதை ஒரு கவரில் போட்டு மிஷினோடு சேர்த்துக் கொடு, வாங்குகிறவனுக்கு உன்மேல் நம்பிக்கை வரும்.

மஞ்சளாகிப்போன பிளாஸ்டிக்கை பெராக்சைடு தடவி வெயிலில் வைத்து வெளுக்கிறாயாமே. திண்டுக்கல் வெயிலுக்கு அது திட்டுத் திட்டாகத்தான் வெளுக்கும். எனக்கு அந்த மஞ்சள்தான் பிடிக்கும். அது உன் இஷ்டம்.

ஹார்டு டிஸ்கில் யாருடைய கணக்கு வழக்காவது இருந்தால் படிக்காமல் அழி. வயரை எரித்துச் செம்பு எடுப்பவனோடு சேராதே. மின்னணுக் கழிவை மறுசுழற்சி செய்பவரும் புதுப்பித்து விற்பவரும் பதிவு செய்யவேண்டும் என்ற விதி 2023 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஓரிரண்டு பெட்டி என்பது வேறு, லோடு கணக்கில் எடுக்க ஆரம்பித்தால் வேறு. வெளிமாநிலத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் ஆடிட்டரிடம் ஜிஎஸ்டி பற்றி ஒரு வார்த்தை கேள்.

அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன். கட்டிலுக்கு அடியில் இருப்பதை மட்டும் இங்கே கொண்டு வந்துவிடு, கடை பின்பக்கம் அறை சும்மாதான் கிடக்கிறது. வாடகை வேண்டாம், கூட்டிப் பெருக்கு.

பதினொன்றையும் எடைக்குப் போட்டேன் என்று எழுதினேன், அதில் ஒரு சின்னப் பொய். ஐ.சி. நெம்பிக் கை வலித்து ஒன்றைத் திறக்காமலே பரணில் ஏற்றினேன். எண்ணெய் டின்னுக்குப் பின்னால் இருக்கிறது. அடியில் பெயிண்ட் எழுத்து அப்படியே இருக்கிறதா என்று எனக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வா, சேர்ந்தே இறக்குவோம். வரும்போது 100 வாட் குண்டு பல்பு ஒன்று எங்காவது கிடைத்தால் வாங்கி வா. இங்கே எந்தக் கடையிலும் எல்இடிதான் நீட்டுகிறார்கள்.

அன்புடன்,
உன் மாமன்