கடை செல்போனுக்கு ஒரே வாசல்: பிராக்ஸி சர்வர் பற்றி வணிகர்கள் அறிய வேண்டியவை



மொத்த வியாபாரத்தில் தராசுக்கு அடுத்தபடியாக இன்று அதிகம் புழங்கும் சாமான் செல்போன்தான். புதுமடத்திலிருந்து உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் என்று லைனுக்குப் போகும் சேல்ஸ்மேன்கள் ஆர்டர் எடுப்பதும், பாக்கி வசூலை வரவு வைப்பதும், பில் அனுப்புவதும் கடை வாங்கிக் கொடுத்த போனில்தான். வாடிக்கையாளர் பட்டியல், கொள்முதல் விலை, ஜி.எஸ்.டி. கணக்கு, வங்கியிலிருந்து வரும் ரகசிய எண் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. கல்லாப்பெட்டியையே கையில் கொடுத்து அனுப்புவதற்கு இது சமம்.

அந்த போன் இன்டர்நெட்டில் எங்கெங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளவும், ஆபத்தான இடங்களுக்குப் போகாமல் தடுக்கவும் பெரிய கம்பெனிகள் ‘பிராக்ஸி சர்வர்’ வைத்திருக்கின்றன. நம்மைப் போன்ற கடைகளுக்கும் இப்போது இதை விற்க வருகிறார்கள். இதனால் எது ஆகும், எது ஆகாது என்று தெரிந்துகொண்டு பணம் போடுவதே வணிகனுக்கு அழகு.

பிராக்ஸி என்றால் என்ன?

பிராக்ஸி என்றால் பதிலாள் என்று பொருள். கம்பெனிக் கூட்டத்தில் நமக்குப் பதிலாக ஓட்டுப் போட ஒருவரை நியமிக்கிறோமே, அதே சொல்தான். போன் ஒரு வலைப்பக்கத்தைக் கேட்கும்போது நேரே வெளியே போகாமல் நம்முடைய ஒரு கம்ப்யூட்டரிடம் கேட்கிறது. அந்தக் கம்ப்யூட்டர் தன் பெயரில் வெளியே போய்ப் பக்கத்தை வாங்கிவந்து போனிடம் கொடுக்கிறது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் தரகர் நிற்பதைப் போன்றது இது.

நடுவில் நிற்பதால் அது மூன்று வேலைகள் செய்ய முடியும். எந்த போன், எப்போது, எந்த இடத்துக்குப் போனது என்று பேரேடு எழுதலாம். வேண்டாத இடத்தை மறுக்கலாம். ஒருமுறை வாங்கிய பக்கத்தை இருப்பு வைத்து அடுத்தவர் கேட்கும்போது கொடுக்கலாம்.

இந்த மூன்றாவது வேலைக்கு ஒரு காலத்தில் மதிப்பு இருந்தது. 1995 ஆகஸ்ட் 15-இல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுக்கத் தொடங்கியபோது, டெலிபோன் லைன் வழியே ஒரு பக்கம் வந்து சேர வெகுநேரம் ஆகும். அப்போது இருப்பு வைத்தவருக்கு லாபம் இருந்தது. 1996-இல் வெளிவந்த ‘ஸ்க்விட்’ என்ற இலவச பிராக்ஸி மென்பொருள் இதற்காகவே பெயர் பெற்றது. இன்றோ பெரும்பாலான பக்கங்கள் பூட்டிச் சீல் வைத்துத்தான் வருகின்றன. பூட்டிய மூட்டையை வாங்கி இருப்பு வைத்து இன்னொருவருக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. எனவே ‘டேட்டா மிச்சமாகும்’ என்று சொல்லி யாராவது விற்க வந்தால் அதை நம்பி வாங்க வேண்டாம்.

நம் நாட்டு அனுபவம்

பிரவுசிங் சென்டர் நடத்தியவர்களுக்கு இந்தப் பேரேடு புதிதல்ல. 2011-இல் மத்திய அரசு கொண்டுவந்த சைபர் கஃபே விதிகள், பார்த்த வலைத்தளங்களின் விவரத்தையும், பிராக்ஸி சர்வர் பதிவேட்டையும் குறைந்தது ஓர் ஆண்டு காலம் பத்திரப்படுத்த வேண்டும் என்று கூறின. சிறு கடைக்காரர் ஆனாலும் வாசலை வைத்திருப்பவரே பொறுப்பாளி என்பது இதன் கருத்து.

கம்பெனி போன்களுக்குப் பிரசித்தமான உதாரணம் பிளாக்பெரி. கனடா நாட்டுத் தயாரிப்பான அது 2004-இல் ஏர்டெல் மூலம் நம் நாட்டுக்கு வந்தது. கம்பெனிகள் தங்கள் அலுவலகத்தில் ஒரு சர்வர் வைத்து, ஊழியர்களின் பிளாக்பெரி அஞ்சலையும் வலைப்பக்கங்களையும் அதன் வழியே போகச் செய்யலாம். 2010 ஆகஸ்டில் மத்திய அரசு, செய்திகளைப் பார்க்க வழி செய்யாவிட்டால் சேவை தடுக்கப்படும் என்று கெடு விதித்தது. கம்பெனி அஞ்சலின் சாவி அந்தந்தக் கம்பெனியிடம்தான் இருக்கிறது, தங்களிடம் இல்லை என்று பிளாக்பெரி நிறுவனத்தார் பதில் கூறினர். அந்தப் பழைய போன்களுக்கான சேவை 2022 ஜனவரி 4-இல் நின்றுவிட்டது. ஆனால் அந்த வழக்கிலிருந்து நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அப்படியே இருக்கிறது: வாசல் யாருடையது, சாவி யாரிடம் இருக்கிறது?

பாம்பன் பாலமும் படகும்

1988-இல் பாம்பன் சாலைப் பாலம் திறந்தது முதல் ராமேஸ்வரம் தீவுக்குப் போகும் லாரிகள் எல்லாம் அந்த ஒரு பாலத்தின் வழியேதான் போகின்றன. பாலத்து முகப்பில் ஓர் ஆளை நிறுத்தினால் எத்தனை லாரி, எந்த ஊருக்கு என்று எழுதிவிடலாம். பிராக்ஸியும் அப்படித்தான். ஆனால் அந்த ஆளுக்கு இரண்டு குறைகள் உண்டு.

முதலாவது, தார்ப்பாய் போட்டுச் சீல் வைத்த லாரிக்குள் என்ன சரக்கு என்று அவருக்குத் தெரியாது. பூட்டிய வலைத்தளத்துக்குப் போகும்போது தளத்தின் பெயரை மட்டுமே பிராக்ஸி அறியும். உள்ளே எதைப் படித்தார்கள், எதை எழுதினார்கள் என்று அறியாது.

இரண்டாவது, படகில் போகும் சரக்கு அவர் கண்ணில் படாது. போனில் வை-ஃபைக்கு மட்டும் பிராக்ஸியைக் குறித்து வைத்தால், சேல்ஸ்மேன் கடையை விட்டு இறங்கி மொபைல் டேட்டாவுக்கு மாறியதும் போன் நேரே வெளியே போய்விடும். வாட்ஸ்அப்பில் வரும் கோப்புகளும் இந்தப் பாலத்தின் வழியே வர வேண்டும் என்பதில்லை. போக்குவரத்து அபராதம், கல்யாண அழைப்பிதழ் என்ற பெயரில் வரும் ‘ஏ.பி.கே.’ கோப்புகளைப் பற்றிப் பல மாநிலக் காவல்துறையினர் எச்சரித்துள்ளனர். அதைத் திறந்து போனில் ஏற்றிவிட்டால் வங்கி ரகசிய எண் திருடனுக்குப் போய்விடும். பிராக்ஸி வாங்கிவிட்டோம் என்ற தைரியத்தில் இருப்பவருக்குத்தான் நஷ்டம் அதிகம்.

செய்ய வேண்டியவை

1. கடை போன், சொந்த போன் என்று பிரித்து வையுங்கள். சிம் கார்டு கடையின் பெயரில் இருக்கட்டும். சிப்பந்தியின் சொந்த போனில் கை வைக்க வேண்டாம்.

2. வெளியூர் போகும் போன்களுக்கு, எப்போதும் இயங்கும் ‘வி.பி.என்.’ வழியாக பிராக்ஸிக்கு வரும்படி அமைக்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் இணைப்பே கிடைக்காதபடி தடுக்கும் வசதி ஆண்ட்ராய்டு போன்களில் உள்ளது. படகுத் துறையையும் அடைப்பதற்கு இதுவே வழி.

3. முன்பின் தெரியாத இடத்திலிருந்து செயலி ஏற்றும் அனுமதியைப் போனிலேயே மூடி வையுங்கள்.

4. பிராக்ஸிக்குக் கடவுச்சொல் அவசியம். திறந்து கிடக்கும் பிராக்ஸியை ஊர் பேர் தெரியாதவர்கள் பயன்படுத்துவார்கள். அவர்கள் செய்யும் குற்றத்துக்கு விசாரணை நம் முகவரிக்கு வரும்.

5. இலவச பிராக்ஸி, இலவச வி.பி.என். ஆகியவற்றைக் கடை போனில் ஏற்ற வேண்டாம். தரகர் யார் என்றே தெரியாமல் சரக்கை ஒப்படைக்கலாமா?

6. சீலைப் பிரித்துப் பார்க்கும் வசதியும் உண்டு. அதற்குப் போனில் தனியாக ஒரு சான்றிதழ் ஏற்றுவார்கள். சாதாரணக் கடைக்கு இது வேண்டாம். வங்கிச் செயலிகள் பெரும்பாலும் இதை ஏற்காமல் நின்றுவிடும். மேலும் பிரித்துப் பார்க்கும் கம்ப்யூட்டர் களவு போனால் எல்லா ரகசியமும் ஒரே இடத்தில் போய்விடும்.

7. பணம் வாங்கும் போனைக் கல்லாவிலேயே வையுங்கள். அதில் வேறு எந்த வேலையும் வேண்டாம்.

சிப்பந்தியிடம் சொல்லிவிட்டுச் செய்க

தனிமை ஒரு அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24-இல் தீர்ப்பளித்தது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை தொடர்பாகவும், நஷ்டத்திலிருந்து முதலாளியைக் காக்கவும் ஊழியர் விவரத்தைப் பயன்படுத்த இடம் தருகிறது. சேர்த்த விவரத்தைப் பத்திரமாகக் காக்கும் கடமையையும் அதே சட்டம் விதிக்கிறது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். லைன் சேல்ஸ்மேன் நம் பணத்தைச் சுமந்து வருகிறவர். ஆஸ்பத்திரி விஷயமாகவோ, கடன் விஷயமாகவோ அவர் போனில் எதையாவது தேடியிருக்கலாம். அதை நாம் படித்தோம் என்று தெரிந்தால் அன்றோடு விசுவாசம் போய்விடும். ஆகவே போனைக் கொடுக்கும் அன்றே, “தம்பி, இது கடை போன். போகிற தளத்தின் பெயர் பதிவாகும். சொந்த வேலைக்கு உங்கள் போனை வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லி, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பதிவேட்டைப் பார்ப்பவர் ஒருவராக இருக்கட்டும். எத்தனை நாள் வைத்திருப்பது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்து, நாள் கடந்ததை அழித்துவிடுங்கள்.

சிறு கடைக்கு என்ன வழி?

ஒன்றிரண்டு போன் மட்டுமே உள்ள மளிகைக் கடைக்கு பிராக்ஸி சர்வர் தேவையில்லை. ஆண்ட்ராய்டு 9 முதல் போன் அமைப்புகளில் ‘பிரைவேட் டி.என்.எஸ்.’ என்ற பகுதி இருக்கிறது. கிளவுட்ஃபிளேர் போன்ற நிறுவனங்கள் கெட்ட தளங்களை வடிகட்டும் முகவரியை இலவசமாகவே தருகின்றன. விவரம் தெரிந்தவரை வைத்து அதை அங்கே எழுதிவிட்டால், வை-ஃபை, மொபைல் டேட்டா இரண்டிலும் வேலை செய்யும். தெரிந்த மோசடித் தளங்களில் பல தடுக்கப்படும். நேற்று முளைத்த தளம் தப்பிவிடவும் கூடும். ஆகையால் மனிதக் கண்ணும் தேவை.

பத்துக்கு மேல் போன் வைத்து லைன் வியாபாரம் செய்யும் மொத்த வணிகர்கள் பிராக்ஸியைப் பற்றி யோசிக்கலாம். விற்க வருபவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: மொபைல் டேட்டாவிலும் இது நிற்குமா? பதிவேடு யாருடைய கம்ப்யூட்டரில் இருக்கும்? நாங்கள் விலகினால் அதை அழித்துத் தருவீர்களா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் தருபவரிடம் வாங்குங்கள்.

இத்தனைக்கும் மீறிப் பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து, வங்கிக்கும் தெரிவியுங்கள். பணம் அடுத்த கணக்குக்குக் கைமாறுவதற்குள் நிறுத்தினால்தான் மீளும். இந்த எண்ணைக் கல்லாவுக்கு மேலே எழுதி ஒட்டி வைப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை, இன்றே செய்யலாம்.