முதல் ஈசிஜி நார்மல் என்றால்?

கேள்வி: அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஈசிஜி நார்மல், ஆனாலும் வீட்டுக்கு அனுப்பாமல் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். இது தேவையா? (வாசகர், கம்பம்)

பதில்: தேவைதான். முதல் ஈசிஜி நார்மல் என்பதால் மட்டும் மாரடைப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. இதயத் தசை சாகும்போது ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் கசியும். அது தென்படச் சில மணி நேரம் ஆகலாம். அதனால்தான் இடைவெளி விட்டு மறுபடி ரத்தம், மறுபடி ஈசிஜி. ஈசிஜியிலேயே இதய ரத்தக்குழாய் முழுதாக அடைபட்டது தெரிந்தால் ரத்த முடிவுக்குக் காத்திருக்க மாட்டார்கள். 2 மணி நேரத்துக்குள் ஸ்டென்ட் வைக்க வழியில்லையென்றால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிதான் முதலில். ஸ்டென்ட் வைக்க மதுரைப் பயணம் பிறகு.

நம் பக்கத்தில் பலர் நெஞ்சுவலியை வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்தே பொன்னான நேரத்தைத் தொலைக்கிறார்கள். 2023-இல் வந்த தமிழக அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் கொடுத்து, தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். வலி வந்தால் பைக்கை எடுக்காதீர்கள், 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.