யார் யாரைக் கூப்பிடுவது?

கம்பைநல்லூரில் மொரப்பூர் ரோட்டோரம் 1996 முதல் 2007 வரை எஸ்டிடி பூத் வைத்திருந்தேன். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு நம்பர் போட்டு, அந்தப் பக்கம் எடுத்ததும், உள்ளே இருப்பவரின் கண் மீட்டருக்குப் போய்விடும். சிவப்பு எண்கள் ஓட ஓடப் பேச்சும் அவசரமாகும். துபாய்க்கு இரண்டு நிமிஷம் பேசினால் ஒரு ஆளின் ஒரு நாள் கூலி போய்விடும் காலம் அது. வெளிநாட்டு அழைப்பு 2002 மார்ச் வரைக்கும் விஎஸ்என்எல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. வேறு வழி கிடையாது.

அதனால் மேஸ்திரி வேலைக்கும் டிரைவர் வேலைக்கும் போன பிள்ளைகளே அங்கிருந்து பூத்துக்குக் கூப்பிடுவார்கள். "அண்ணா, எங்கம்மாவக் கூப்பிட்டு வைங்கண்ணா, கால் மணி நேரத்துல மறுபடி பண்றேன்" என்று சொல்லிவிட்டுச் சட்டென வைத்துவிடுவார்கள். அந்த ஒரு வரிக்கும் அங்கே காசு. நான் பையனை சைக்கிளில் அனுப்புவேன். அம்மா களத்துமேட்டில் இருந்தால் மூச்சிரைக்க ஓடி வருவார். வந்து சேர்வதற்குள் மணி அடித்து ஓய்ந்துவிட்ட நாட்களும் உண்டு. அந்த அம்மாக்கள் பெஞ்சில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

அப்போது கற்றுக்கொண்டதுதான் இன்றைக்கும் உதவுகிறது. காசைத் தின்றது பேச்சில்லை, ஏற்பாடில்லாமைதான். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்ட வீடுகளுக்குச் செலவு பாதிதான் ஆனது. சொல்ல வேண்டியதை வாசலிலேயே ஒரு துண்டுச் சீட்டில் எழுதச் சொல்வேன். "நல்லா இருக்கியா, சாப்பிட்டியா" என்பதிலேயே மூன்று நிமிஷம் போய், பத்திரத்துக்குக் கையெழுத்து வேண்டும் என்பதைச் சொல்லாமல் வைத்துவிட்டு அழுத ஒரு பெரியவரைப் பார்த்த பிறகு வந்த பழக்கம் அது.

பூத் இருந்த இடத்திலேயே இப்போது ரீசார்ஜ் கடை. கேள்விகள் மாறிவிட்டன. ஆனால் முதல் கேள்வியாக நான் கேட்பது இன்னமும் அதேதான்: யார் யாரைக் கூப்பிடுவது?

கூப்பிடும் திசையைப் பொறுத்து விலை தலைகீழாக மாறும். ஒரு நாட்டின் அழைப்பை இன்னொரு நாட்டின் கம்பெனி வாங்கித் தன் வாடிக்கையாளரிடம் சேர்ப்பதற்கு ஒரு கூலி உண்டு. வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வரும் அழைப்புக்கு அந்தக் கூலியை 2020 மே முதல் நிமிஷத்துக்கு 35 முதல் 65 பைசா வரை என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வைத்திருக்கிறது. வளைகுடா நாடுகளுக்கு நாம் அழைத்தால் அங்கே கேட்கும் கூலி இதைப் போலப் பல மடங்கு. அந்தச் சுமை நம் தலையில்தான் விழும். ஜியோ முன்பு அறிவித்த வெளிநாட்டு பேக்குகளையே பாருங்கள். அமெரிக்கா, கனடாவுக்கு 39 ரூபாயில் 30 நிமிஷம். சிங்கப்பூர், மலேசியாவுக்கு 49 ரூபாயில் 15 நிமிஷம். அமீரகம், சவுதி, குவைத்துக்கு 99 ரூபாயில் 10 நிமிஷம்தான். கடல் தாண்டி இவ்வளவு தூரத்தில் இருக்கும் அமெரிக்காவுக்கு நிமிஷம் 1 ரூபாய் 30 பைசா. பக்கத்திலிருக்கும் துபாய்க்குக் கிட்டத்தட்ட பத்து ரூபாய். தூரத்துக்கும் விலைக்கும் சம்பந்தமே இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக என்னால் காட்ட முடியாது.

ஆகவே அமெரிக்காவில் மகள் இருந்தால் இங்கிருந்து பேக் போட்டுக் கூப்பிடலாம், சுமை பெரிதில்லை. வளைகுடாவில் மகன் இருந்தால் அவன் அங்கே இந்திய எண்களுக்கென்று விற்கும் நிமிஷ பேக்கைப் போட்டுக்கொள்ளட்டும். நீங்கள் மிஸ்டு கால் மட்டும் கொடுங்கள். எந்த நாட்டுக்கானாலும் பேக் இல்லாமல் நேரடியாக அடிக்க வேண்டாம். பேக்கின் விலையும் அடிக்கடி மாறும், போடுகிற அன்று கம்பெனியின் செயலியில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

"இதெல்லாம் எதுக்குண்ணா, வாட்ஸப்புதான் இருக்கே" என்று இளம்பிள்ளைகள் கேட்கிறார்கள். இருக்கிறது, நல்லதுதான். ஒரு மணி நேரம் குரலில் பேசினாலும் நூறு எம்பிக்குள் முடிந்துவிடும். முகம் பார்த்துப் பேசினால் அதைப் போலப் பல மடங்கு ஓடும். ஆனால் அமீரகத்தில் வாட்ஸப்பில் செய்தி போகும், போட்டோ போகும், கால் மட்டும் போகாது. அங்கே அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலிகளில்தான் பேச வேண்டும். சவுதியில் இணைய அழைப்புக்கு இருந்த தடையை 2017 செப்டம்பரில் தளர்த்தினார்கள் என்றாலும் எல்லாச் செயலியும் அங்கே ஒரே மாதிரி வேலை செய்ததில்லை. பிள்ளை விமானம் ஏறும் முன்பே அந்த நாட்டில் எது ஓடும் என்று அங்கிருக்கும் ஆளிடம் கேட்டு, அதே செயலியை அம்மாவின் போனிலும் ஏற்றி, வீட்டுக்குள்ளேயே ஒரு தடவை பேசிப் பார்த்துவிடுங்கள். போன பிறகு ஏற்ற நினைத்தால், ஓடிபி எந்த நம்பருக்கு வரும் என்பதிலேயே ஒரு வாரம் போய்விடும்.

விபிஎன் போட்டால் வாட்ஸப் காலும் போகும் என்று யாராவது சொல்லிக் கொடுப்பார்கள். வேண்டாம். அமீரகத்தின் சைபர் சட்டப்படி, குற்றமென வைத்திருக்கும் காரியத்துக்கு அதைப் பயன்படுத்தினால் 5 லட்சம் திர்ஹத்திலிருந்து 20 லட்சம் வரை அபராதம், சிறையும் உண்டு. மாதம் ஆயிரத்துச் சொச்சம் திர்ஹம் சம்பாதிக்கப் போன பையனை நாமே அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது.

இன்னொரு ஆபத்தும் இங்கே நடந்தது. ஒரு பையன் அடிமாட்டு விலைக்கு நிமிஷம் தரும் ஏதோ ஒரு செயலியில் காசு போட்டான். அவன் பேசும்போதெல்லாம் அம்மாவின் போனில் யாருடையதோ ஓர் இந்திய நம்பர் வந்தது. மோசடிக் கும்பல் என்று பயந்து அவர் எடுக்கவே இல்லை. பத்து நாள் பேச்சில்லை. வெளிநாட்டு அழைப்பை இங்கே திருட்டுத்தனமாக சிம் பெட்டிகளில் இறக்கி உள்ளூர் அழைப்பாக மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சட்டவிரோதம். வெளிநாட்டில் இருப்பவர் பேசும்போது உள்ளூர் நம்பர் தெரிந்தால் அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் புகார் செய்யலாம்.

அதற்கு நேர்மாறானது ஒற்றை ரிங். தெரியாத வெளிநாட்டு நம்பரிலிருந்து நள்ளிரவில் ஒரே ஒரு ரிங் வந்து நின்றுவிடும். மகன்தான் என்று எண்ணித் திருப்பிக் கூப்பிட்ட ஒரு தாயின் போனில் இருந்த 180 ரூபாயும் போயிற்று. அவருடைய மகன் இருந்தது குவைத்தில், வந்த நம்பரோ வேறேதோ நாட்டுடையது. அன்றிலிருந்து கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அவரவர் பிள்ளையின் நாட்டு எண்ணை மனப்பாடம் செய்யச் சொல்கிறேன். அமீரகம் 971, சவுதி 966, குவைத் 965, கத்தார் 974, ஓமன் 968, சிங்கப்பூர் 65, மலேசியா 60. முன்னே இருப்பது உங்கள் பிள்ளையின் நாட்டு எண் இல்லையென்றால் தொட வேண்டாம்.

செயலியில் பெருந்தொகை போட்டு வைக்காதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். எத்தனையோ வருஷம் வெளிநாட்டுப் பிள்ளைகள் சாதா போனுக்குக் கூப்பிடப் பயன்படுத்திய ஸ்கைப்பையே 2025 மே 5-இல் மூடிவிட்டார்கள். ஒரு மாதத்துக்கு வேண்டியது போதும். இந்திய சிம்மை ரோமிங்கில் எடுத்துப் போகிறவர்கள், அதில் வரும் அழைப்பை எடுத்தாலே காசு போகும் என்பதை மறக்க வேண்டாம். பேங்க் ஓடிபிக்காக மட்டும் அது உயிரோடு இருக்கட்டும், டேட்டா ரோமிங்கை அணைத்து வையுங்கள்.

நேரக் கணக்கு சுலபம். துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால். சவுதி, குவைத், கத்தார் இரண்டரை மணி பின்னால். சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். இங்கே ராத்திரி ஒன்பதுக்குச் சிங்கப்பூர் பையன் பதினொன்றரை மணித் தூக்கத்தில் இருப்பான்.

வாய்ஸ் மெசேஜைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. சிக்னல் விட்டுவிட்டு வரும் காட்டுப் பக்க வீடுகளுக்கு அதைப்போல உதவி வேறில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி ஒருவர், பேத்தி அழுத்திக் கொடுக்க, மழை பெய்ததையும் மாடு கன்று போட்டதையும் சொல்லி அனுப்புவார். பேரன் ஷிஃப்ட் முடிந்து படுக்கையில் கேட்பான். கால் செய்தால் வேலை நேரத்தில் எடுக்க முடியாத பிள்ளைகளுக்கு இதுதான் வீடு.

ஒரே வழியை நம்பியிருக்கவும் கூடாது. செயலி ஒன்று, சாதா போனில் கூப்பிட ஒன்று, அறைத் தோழர் நம்பர் ஒன்று. மூன்றையும் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். போன் தொலைந்தால் அதற்குள் இருக்கும் நம்பர்களும் தொலையும்.

களத்துமேட்டிலிருந்து ஓடி வந்த அம்மாக்களில் ஒருவர் இன்னும் என் கடைக்கு வருகிறார். அன்று மகன் துபாயில், இன்று பேரன் ஷார்ஜாவில். பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டரைக்கு, அங்கே ஏழு மணி, பேரன் கூப்பிடுவான். போன வாரம் அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. பேத்தியை விட்டு எழுதி வாங்கி வந்திருந்தார். போர் மோட்டார், ரேஷன் கார்டு, பொண்ணு பார்த்த விஷயம், சளி மாத்திரை என்று நான்கு வரி. மணி அடித்ததும் சீட்டை என்னிடம் நீட்டி, "ஒவ்வொண்ணா படிப்பா" என்றார்.